கவலைப்படுகிறவன் விசுவாசம் இல்லாதவனா?

கவலை இல்லாத மனிதன் உலகத்தில் இல்லை.

கூலிக்குப் போகிறவனுக்கு நாளைய வேலை பற்றிக் கவலை. கடை வைத்திருப்பவனுக்குக் கடன் பற்றிக் கவலை. பெண்ணைப் பெற்ற தாய்க்கு அவள் கல்யாணம் பற்றிக் கவலை. பரீட்சை எழுதிய பையனுக்கு மார்க் பற்றிக் கவலை.

கவலை அளவோடு இருந்தால் நல்லதுதான். மழை வருமே என்று கவலைப்படுகிறவன்தான் கூரையைச் சரி செய்கிறான்.

ஆனால், சில பேருக்குக் கவலை வேறு விதமாக வருகிறது. கூரையைச் சரி செய்த பிறகும் அது போவது இல்லை. "கூரை விழுந்துவிடும். சுவரும் விழுந்துவிடும். பிள்ளைகள் அடியில் சிக்கிக்கொள்வார்கள்" என்று மனம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரவில் தூக்கம் வருவது இல்லை. பகலில் சாப்பாடு இறங்குவது இல்லை. நாள் ஆக ஆக, "நான் எதற்கும் உதவாதவன். என்னால் எல்லோருக்கும் தொல்லை" என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டது எல்லாம் பேய்" என்பார்கள். அந்த நிலைதான் இது.

இப்படித் தவிக்கும் ஒரு கிறிஸ்தவர் கோவிலுக்குப் போகிறார். தெரிந்தவர்களிடம் தம் துயரத்தைச் சொல்கிறார். அவர்கள் என்ன சொல்கிறார்கள்?

"கர்த்தர் மேல் விசுவாசம் வையுங்கள். விசுவாசம் இருந்தால் கவலை வராது!"

நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், அந்தச் சொல் அவரை என்ன செய்கிறது? ஒரு சுமையோடு வந்தவர், இரண்டு சுமையோடு வீட்டுக்குத் திரும்புகிறார். முதல் சுமை, பழைய கவலை. இரண்டாவது சுமை, "எனக்கு விசுவாசம் இல்லை போலும், கடவுளும் என்னைக் கைவிட்டுவிட்டார் போலும்" என்ற புதிய பயம்.

அடுத்த முறை அவர் யாரிடமும் வாய் திறப்பது இல்லை.

இது பெரிய தவறு. கவலை வருவது விசுவாசக் குறைவு அல்ல. கவலை வந்த நேரத்தில் ஒருவன் எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்பதில்தான் விசுவாசம் இருக்கிறது. இதற்குக் கிறிஸ்தவ வேதமே சாட்சி.

சூரைச்செடியின் கீழே

பழைய ஏற்பாட்டில் எலியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். பயம் அறியாதவர். ஆகாப் ராஜாவின் முகத்துக்கு முன்பாக நின்று, "நீ செய்வது தவறு" என்று சொன்னவர். கர்மேல் மலையில், பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிராகத் தனி ஆளாக நின்றவர். அன்று அவர் ஜெபித்தார். வானத்தில் இருந்து நெருப்பு இறங்கியது. பல ஆண்டுகளாகப் பெய்யாத மழையும் அன்றே பெய்தது.

அவ்வளவு பெரிய வெற்றி!

அதற்கு அடுத்தாற்போல் என்ன நடந்தது? ராணி யேசபேல் ஓர் ஆளை அனுப்பினாள். "நாளை இந்த நேரத்துக்குள் உன் உயிரை எடுப்பேன்" என்பது அவள் சொல்லி அனுப்பிய சேதி.

450 பேருக்குப் பயப்படாத எலியா, இந்த ஒரு சேதிக்குப் பயந்து ஓடினார்! பெயெர்செபா வரையில் ஓடினார். வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்துக்குள் ஒரு நாள் தூரம் நடந்தார். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்தார். "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று வேண்டினார். அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார்.

இப்போது கவனிக்க வேண்டும். கடவுள் அவரிடம் என்ன செய்தார்?

"உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டாரா? இல்லை. "நேற்றுத்தானே நெருப்பை இறக்கினேன், அதற்குள் மறந்துவிட்டாயா?" என்று அதட்டினாரா? இல்லை. உபதேசம் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு தூதனை அனுப்பினார். தூதன் எலியாவைத் தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை இருந்தது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது. எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துத் தூங்கினார்.

தூதன் இரண்டாம் தடவையும் வந்தான். போக வேண்டிய வழி தூரம் என்று சொல்லி, மறுபடியும் சாப்பிட வைத்தான்.

முதலில் தூக்கம். பிறகு சாப்பாடு. மறுபடி தூக்கம். மறுபடி சாப்பாடு. மனம் உடைந்த மனிதனுக்குக் கடவுள் கொடுத்த முதல் மருந்து இதுதான். சோர்ந்த உடம்பில் இருந்துகொண்டு மனம் தெளிவாக நினைக்க முடியாது. இதைப் படைத்தவர் அறிவார். நாம்தான் மறந்துவிடுகிறோம்.

கணக்குத் தப்பியது

அந்தச் சாப்பாட்டின் பலத்தில் எலியா 40 நாள் நடந்து, ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு குகையில் தங்கினார்.

"எலியாவே, இங்கே உனக்கு என்ன வேலை?" என்று கடவுள் கேட்டார்.

எலியா தம் மனதில் கிடந்ததை எல்லாம் கொட்டினார். "எல்லோரையும் கொன்றுவிட்டார்கள். நான் ஒருவன்தான் மிச்சம். என் உயிரையும் எடுக்கப் பார்க்கிறார்கள்" என்பது அவர் முறையீடு.

பெருங்காற்று அடித்தது. பூமி அதிர்ந்தது. நெருப்பு எரிந்தது. ஆனால், கடவுள் அவற்றில் இல்லை. கடைசியில் ஒரு மெல்லிய குரலில் பேசினார்.

அந்தக் குரல் மூன்று சங்கதிகளைச் சொன்னது. ஒன்று: திரும்பிப் போ, உனக்கு வேலை இருக்கிறது. இரண்டு: எலிசா என்று ஒருவனைச் சேர்த்துக்கொள், இனி நீ தனி ஆள் அல்ல. மூன்று: பாகாலுக்கு முழங்கால் மடக்காத 7,000 பேர் இன்னும் இருக்கிறார்கள்.

எலியா போட்ட கணக்கு, 1. உண்மையான கணக்கு, 7,000!

கவலை பிடித்த மனம் போடும் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும். "எனக்கு யாரும் இல்லை" என்று அது சொல்லும். "இனி ஒன்றும் நடக்காது" என்று சொல்லும். நம் மனமே சொல்வதால் அது உண்மை போலத் தோன்றும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கடைக்காரன் கொடுக்கும் சில்லறையை எண்ணிப் பார்ப்பது போல, அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யாரும் இல்லையா? அண்ணன் இல்லையா? பக்கத்து வீட்டு அக்கா இல்லையா? போன மாதம் உடம்பு சரியில்லாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது யார்?

சங்கீதக்காரனும் இதைத்தான் செய்கிறான். 42-ம் சங்கீதத்தில் அவன் தன் ஆத்துமாவைப் பார்த்தே, "நீ ஏன் இப்படிக் கலங்குகிறாய்?" என்று கேள்வி கேட்கிறான். மனம் பேசுவதை வாய் மூடிக் கேட்டுக்கொண்டு இருக்காமல், மனதோடு எதிர்த்துப் பேசுகிறான். விசுவாசத்தின் வேலையில் இது ஒரு பாதி.

இயேசு கிறிஸ்துவையே பாருங்கள். பிடிபட்ட அதே இரவு, கெத்செமனே தோட்டத்தில் அவர் மரணத்துக்கு ஏதுவான துக்கம் கொண்டார் என்று சுவிசேஷம் சொல்கிறது. வியர்வை இரத்தத் துளிகள் போல விழுந்தது என்கிறது. அந்த நேரத்தில் மூன்று நண்பர்களைப் பக்கத்தில் அழைத்து, தம்மோடு விழித்திருக்கச் சொன்னார். மனம் கலங்குவது பாவம் என்றால், அவரை என்ன சொல்வது?

"நெருப்பு!" என்று ஒரு குரல்

இது எல்லாம் பழைய காலத்துக் கதை என்று சிலர் சொல்லலாம். கிட்டத்தில் நடந்த ஒரு சரித்திரத்தையும் பார்க்கலாம்.

லண்டன் நகரத்தில் சார்லஸ் ஸ்பர்ஜன் என்று ஒரு பிரசங்கியார் இருந்தார். 1834-ல் பிறந்தவர். 1854-ல், 19 வயதிலேயே, லண்டனில் ஒரு சபைக்குப் போதகர் ஆனார். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. கோவிலில் இடம் போதவில்லை. ஆகவே சர்ரே தோட்டம் என்ற இடத்தில் இருந்த பெரிய சங்கீத மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள்.

1856-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு. மண்டபத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தார்கள். வெளியேயும் கூட்டம். ஸ்பர்ஜனுக்கு அப்போது வயது 22. கல்யாணமாகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. வீட்டில், பிறந்து ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள்.

ஜெபம் நடந்துகொண்டு இருந்தது. திடீரென்று யாரோ, "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினார்கள்.

நெருப்பு இல்லை. அது பொய்.

ஆனால், அதை யார் நின்று பார்ப்பது? கூட்டம் வாசலை நோக்கிப் பாய்ந்தது. மாடிப்படியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மிதிபட்டு 7 பேர் இறந்தார்கள். 28 பேர் பலத்த காயம் அடைந்தார்கள்.

ஸ்பர்ஜன் அப்படியே சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "என்னைக் கேட்க வந்தவர்கள் அல்லவா செத்தார்கள்!" என்ற நினைப்பு அவரை இரவும் பகலும் அரித்தது. பத்திரிகைகள் சிலவும் அவரைக் கடுமையாகத் தாக்கின.

நண்பர் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் அவரைத் தங்க வைத்தார்கள். அங்கே உலாவிக்கொண்டு இருந்தபோது ஒரு நாள், கிறிஸ்துவை உயர்த்திப் பேசும் ஒரு வசனம் அவர் நினைவுக்கு வந்தது. தம் நிலைமை எப்படி ஆனாலும் கிறிஸ்து உயர்ந்தே இருக்கிறார் என்று அவர் மனம் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 2-ந் தேதி, மறுபடியும் பிரசங்கம் செய்தார். அந்த வசனத்தைத்தான் எடுத்துப் பேசினார்.

"பார்த்தீர்களா! ஒரு வசனம் வந்தது, நோய் போனது" என்று கதையை இங்கே முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

ஆனால், உண்மை அது அல்ல.

அழுத பிரசங்கியார்

அந்த இரவின் அடி, ஸ்பர்ஜன் மனதை விட்டு ஒருநாளும் முழுவதும் போகவில்லை. மனச்சோர்வு அவருக்கு ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது. சில சமயம் குழந்தை போல மணிக்கணக்கில் அழுததாகவும், எதற்காக அழுதோம் என்பது தமக்கே தெரியவில்லை என்றும் அவரே சபையில் சொல்லி இருக்கிறார். பிறகு, கீல்வாதமும் சேர்ந்து அவரைப் படுத்தியது.

விசுவாசம் இல்லாதவரா அவர்? 1861-ல் லண்டனில் ஆயிரக்கணக்கானவர்கள் அமரும் பெரிய ஆலயத்தைத் திறந்தவர். போதகர்களுக்குக் கல்லூரி ஏற்படுத்தியவர். 1867-ல் அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி தொடங்கியவர். அவர் பிரசங்கங்கள் இன்றும் பல மொழிகளில் அச்சாகின்றன.

இத்தனையும் செய்தவருக்குத்தான் மனச்சோர்வும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன.

அவர் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. அதை மறைக்கவில்லை! தம் கல்லூரி மாணவர்களுக்கு அதைப் பற்றித் தனியாகப் பாடமே நடத்தினார். அந்தப் பாடங்கள் 1875-ல் புத்தகமாக வந்தன. மனச்சோர்வு ஏன் வருகிறது என்று அதில் காரணம் காரணமாகச் சொல்கிறார். உடம்பு நோய் ஒரு காரணம். ஒரே இடத்தில் அடைந்து கிடப்பது ஒரு காரணம். ஓய்வு இல்லாத வேலை ஒரு காரணம். தனிமை ஒரு காரணம். பெரிய வெற்றிக்குப் பிறகும் சோர்வு வரும் என்கிறார். அதற்கு எலியாவைத்தான் உதாரணம் காட்டுகிறார்.

அவர் சொல்லும் மருந்திலும் எல்லாம் சேர்ந்திருக்கிறது. கடவுள் மேல் பாரத்தை வைக்கச் சொல்கிறார். அதோடு, வெளியே போய்க் காற்றாட நடக்கவும் சொல்கிறார். கடற்காற்றை சுவாசிக்கச் சொல்கிறார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எடுக்கச் சொல்கிறார். அவரும் குளிர்காலத்தில் பிரான்சு நாட்டின் தென்கரையில் உள்ள மென்டன் என்ற ஊருக்குப் போய் ஓய்வு எடுப்பது வழக்கம். 1892-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, 57-ம் வயதில், அந்த ஊரில்தான் காலமானார்.

அவர் தூக்கத்தைப் பற்றி ஒரு சேதி உண்டு. 1857-ல் இந்தியாவில் சிப்பாய்க் கலகம் நடந்தபோது, இங்கிலாந்தில் உபவாச நாள் ஒன்று அறிவித்தார்கள். அன்று, அதாவது அக்டோபர் 7-ந் தேதி புதன்கிழமை, லண்டன் கண்ணாடி மாளிகையில் 23,654 பேர் நடுவில் ஸ்பர்ஜன் பிரசங்கம் செய்தார். அன்று இரவு படுத்தவர், வெள்ளிக்கிழமை காலையில்தான் கண் விழித்தாராம்! வீட்டில் யாரும் அவரை எழுப்பவில்லை. எலியாவின் தூதன் செய்த வேலையை அவர் மனைவி செய்தார்.

நோயாளி தொடங்கிய வேலை

அந்த அம்மாள் பெயர் சூசன்னா. அவரும் பல ஆண்டுகள் நோயாளி. பல காலம் வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலை.

கணவருடைய பாடப் புத்தகம் அச்சாகி வந்ததும், அதைப் படித்துப் பார்த்தார். "இங்கிலாந்தில் உள்ள ஒவ்வொரு போதகர் கையிலும் இது இருந்தால் நன்றாக இருக்கும்" என்றார். "அதற்கு நீ எவ்வளவு கொடுப்பாய்?" என்று கணவர் கேட்டார்.

அம்மாள் மாடிக்குப் போனார். 5 ஷில்லிங் நாணயம் கைக்கு வரும்போது எல்லாம் அதைத் தனியாக எடுத்து வைப்பது அவர் பழக்கம். அவற்றை எண்ணிப் பார்த்தார். சரியாக 100 புத்தகம் வாங்கப் பணம் இருந்தது!

ஏழைப் போதகர்களுக்குப் புத்தகம் அனுப்பும் வேலை இப்படித் தொடங்கியது. 1903-ல் காலமாகும் வரையில் அதைச் செய்தார். சுமார் 2 லட்சம் புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன.

வலி போன பிறகு அவர் வேலையைத் தொடங்கவில்லை. வலியோடுதான் தொடங்கினார். "கவலை தீரட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருக்கிறவனுக்கு அந்த நாள் வராமலே போகலாம். கையில் உள்ள சின்ன வேலையைச் செய்கிறவனுக்கு, அந்த நேரம் வரையிலாவது மனம் வேறு பக்கம் திரும்புகிறது.

இன்றைக்கு வேண்டியது இன்றைக்கு

அப்படியானால், பயமும் கெட்ட எண்ணமும் வரும்போது ஒரு கிறிஸ்தவர் என்ன செய்யலாம்?

பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி பட்டணத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கே இருந்து? காவலில் இருந்து! விலங்கு போட்ட கையோடு, உயிர் இருக்குமோ போகுமோ என்று தெரியாத நிலையில் எழுதினார். "கவலைப்படாதீர்கள்" என்பதோடு அவர் நிறுத்தவில்லை. வழியும் சொல்கிறார்.

முதலாவது, வேண்டியதைக் கடவுளிடம் தெரியப்படுத்த வேண்டும். பொதுவாகப் புலம்புவது வேறு, தெரியப்படுத்துவது வேறு. "ஆண்டவரே, வெள்ளிக்கிழமைக்குள் வாடகை 3,000 ரூபாய் கொடுக்க வேண்டும். கையில் 1,200 தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது" என்று சொல்வது ஜெபம். பெயர் இல்லாத பயம் பூதம் போலப் பெரிதாகத் தெரியும். பெயர் சொல்லிவிட்டால், அது 1,800 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்கு யாரைக் கேட்கலாம், எதைத் தள்ளிப் போடலாம் என்று அப்போது புத்தி வேலை செய்யும்.

இரண்டாவது, நன்றி சொல்ல வேண்டும் என்கிறார். இல்லாததை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்த கண், இருப்பதையும் பார்க்கத் தொடங்குகிறது.

மூன்றாவது, எதை நினைக்கலாம் என்று ஒரு வரிசை கொடுக்கிறார். உண்மையானது, நேர்மையானது, தூய்மையானது, அன்பானது, இவற்றை நினைக்கச் சொல்கிறார். ஏன்? "அதை நினைக்காதே" என்று மனதிடம் சொன்னால், அது அதையேதான் நினைக்கும். அதற்கு வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தையின் கையில் உள்ள கத்தியை வாங்க வேண்டுமானால், ஒரு பொம்மையைக் கொடுக்கத்தானே வேண்டும்?

இன்னொரு பாடம், வனாந்தரத்தில் இஸ்ரவேல் மக்கள் சாப்பிட்ட மன்னாவில் இருக்கிறது. அது அன்றாடம் விழுந்தது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வு நாளைத் தவிர, மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழுத்து நாறியது. இயேசு கற்றுக் கொடுத்த ஜெபத்திலும் இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைத்தான் கேட்கிறோம். அடுத்த ஆண்டு ஆகாரத்தைக் கேட்கவில்லை. நாளைய துன்பத்தைத் தாங்கும் பலம் இன்றைக்குக் கிடைக்காது. அது நாளைக்குத்தான் கிடைக்கும். அதனால்தான் நாளைய சுமையை இன்றே தூக்குகிறவன் முதுகு ஒடிந்து போகிறான்.

தீராத நோயும் உண்டு

இவ்வளவு செய்தும் சிலருக்கு மன இருள் நீங்குவது இல்லை. இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர் 1731-ல் பிறந்து 1800-ல் இறந்தார். அருமையான கிறிஸ்தவப் பாட்டுகளை எழுதினார். ஆனால், 1773-ல் அவருக்குப் புத்தி கலங்கியது. கடவுள் தம்மைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. சாகும் வரையில் அது முழுவதும் விடவில்லை.

அப்போது அவருக்குத் துணையாக நின்றவர் ஜான் நியூட்டன். முன்னாளில் அடிமைக் கப்பல் ஓட்டி, பிறகு மனம் திரும்பி, ஓல்னி என்ற ஊரில் பாதிரியார் ஆனவர். "என் பிரசங்கத்தைக் கேட்டும் உனக்குக் குணம் ஆகவில்லையா?" என்று அவர் கோபிக்கவில்லை. கூப்பரைத் தம் வீட்டிலேயே ஓர் ஆண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பரால் விசுவாசிக்க முடியாத நாட்களில், அவருக்காகவும் சேர்த்து நியூட்டன் விசுவாசித்தார் என்றே சொல்லலாம்.

டாக்டரிடம் போகலாமா?

சிலர், "ஜெபம் இருக்கும்போது மருந்து எதற்கு?" என்கிறார்கள். கால் ஒடிந்தால் கட்டுப் போடுகிறோம். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறோம். மனதில் வரும் நோய்க்கு மட்டும் மருந்து கூடாதா? பவுலோடு கூட இருந்த லூக்கா, ஒரு வைத்தியர். அவரைப் பவுல் அன்போடுதான் குறிப்பிடுகிறார்.

வேலூரில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை எல்லோருக்கும் தெரியும். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு மருத்துவமனை, இன்று இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது. 1950-களின் கடைசியில் அங்கே மன நோயாளிகளுக்கு என்று தனி இடம் ஏற்பட்டது. நோயாளியைத் தனியாக அடைத்து வைக்காமல், குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்கும்படி அங்கே ஏற்பாடு செய்தார்கள். மருந்தும் வேண்டும், பக்கத்தில் சொந்த மனிதரும் வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. ஜெபிக்கிறவர்கள்தான் அந்த ஆஸ்பத்திரியைக் கட்டினார்கள்.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். "செத்துப் போனால் தேவலை" என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. உடனே வீட்டில் சொல்ல வேண்டும். இந்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல உதவிக்கான டெலிபோன் எண் 14416. தமிழிலேயே பேசலாம். காசு இல்லை.

பக்கத்தில் இருப்பவர்கள்

கடைசியாக, வீட்டில் உள்ளவர்களுக்கும் சபையில் உள்ளவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது.

கவலையில் கிடக்கும் தம்பிக்கு, முதல் நாளே வசன மழை பொழிய வேண்டாம். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். சாப்பிடவில்லை என்றால் ஒரு வாய் சோறு பிசைந்து கொடுங்கள். தூங்கட்டும்; எழுப்பாதீர்கள். எழுந்த பிறகு அவன் பேசினால், குறுக்கே பேசாமல் காது கொடுத்துக் கேளுங்கள். "நானும் வருகிறேன், வா, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். டாக்டரிடம் போக வேண்டுமானால் கூடவே போங்கள். வீட்டில் அவன் செய்யக் கூடிய ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள். ஜெபம் செய்யும்போது அவன் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள்.

"உனக்கு விசுவாசம் போதாது" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். சூரைச்செடியின் கீழே கிடந்த எலியாவிடம் கடவுளே அதைச் சொல்லவில்லை. அடையும் தண்ணீரும்தான் கொடுத்தார்.